பத்து வருஷத்துக்கு ஒருநாள்

2019 டிசம்பர் 31ஆம் தேதி கேரள சட்டசபையின் சிறப்புக் கூட்டம் தொடங்கியது. அன்றைக்கே முடிந்தும் போனது. தொடக்க நாளும் அதுதான், கடைசி நாளும் அதுதான். அந்தக் கூட்டம் எதற்கு என்று இப்போது யாரைக் கேட்டாலும், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்களே அதற்குத்தான் என்கிறார்கள். பினராயி விஜயன் கொண்டுவந்தார், பா.ஜ.க.வின் ஒற்றை உறுப்பினர் ஓ.ராஜகோபால் எதிர்த்துப் பேசினார், இந்தியாவிலேயே முதல் மாநிலம் என்று பேர் கிடைத்தது. ஆனால் சபையைக் கூட்டிய காரணம் வேறு. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் மக்களவையிலும் சட்டசபைகளிலும் இருக்கிற தனித்தொகுதிகளை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுக்கத்தான் அந்தக் கூட்டம் கூட்டப்பட்டது. வீட்டுக்காரனுக்காகப் பந்தல் போட்டார்கள், வீட்டுக்காரன் பேர் மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

குடியுரிமைத் தீர்மானத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது வேண்டிய தீர்மானம். அப்பன் பொறந்த சீட்டைக் காட்டு, ஆத்தா பொறந்த சீட்டைக் காட்டு என்று அரசாங்கம் கேட்டால், புறம்போக்கில் குடிசை போட்டுக்கிடக்கிற நம்ம சனத்துக்கிட்ட காட்டுறதுக்கு என்ன இருக்கு? இஸ்லாமியருக்கு வெட்டின குழியில் நாமும்தான் விழுவோம். என் கேள்வி வேறு. நமக்கென்று கூட்டிய ஒரு சபையில் நம் விஷயம் மட்டும் எப்படி இவ்வளவு சத்தமில்லாமல் முடிகிறது?

இந்த விவகாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 334ஆவது பிரிவு தனித்தொகுதிகளுக்கு முதலில் பத்து வருஷம்தான் ஆயுள் கொடுத்தது. 1960 ஜனவரியில் முடிய வேண்டியது. அதற்குள் எட்டாவது திருத்தம் வந்து இன்னொரு பத்து வருஷம் கொடுத்தது. அப்புறம் 23ஆவது, 45ஆவது, 62ஆவது, 79ஆவது, 95ஆவது. கடைசியாக 104ஆவது. இந்த மாதிரித் திருத்தத்துக்கு நாடாளுமன்றம் மட்டும் கை தூக்கினால் போதாது. பாதி மாநில சட்டசபைகளாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 368ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் சிறப்புக் கூட்டம்.

தேதிகளைப் பாருங்க. தனித்தொகுதிகளின் ஆயுள் 2020 ஜனவரி 25ஆம் தேதி முடிகிறது. மசோதா மக்களவைக்கு வந்தது 2019 டிசம்பர் 9. பத்து வருஷம் கையில் இருந்தும் கடைசி ஒன்றரை மாசத்தில்தான் எடுத்தார்கள். அந்த வாரத்தில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் நம்முடைய மசோதாவுக்கு எதிராக ஒரு ஓட்டு விழவில்லை. (இதே மசோதாவில்தான் ஆங்கிலோ இந்தியர்களின் நியமன இடத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். அது தனிக்கதை.) அப்புறம் மாநிலங்கள் ஓடின. கேரளம் கூடின அதே டிசம்பர் 31ஆம் தேதி உத்தரப்பிரதேச சட்டசபையும் கூடியது. மகாராஷ்டிரம் ஜனவரி 8, பீகார் ஜனவரி 13, பஞ்சாப் ஜனவரி 17.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்க. திருவனந்தபுரத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சி. லக்னோவில் யோகி ஆதித்யநாத் ஆட்சி. ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்க மாட்டார்கள். ஆனால் ஒரே நாளில், ஒரே விஷயத்துக்கு, ஒரே மாதிரி கை தூக்கினார்கள். டீக்கடையில் ஒரு கிளாஸைப் பொதுவாக வைக்க ஒத்துக்கொள்ளாத ஆட்கள், கோயில் தெருவில் நம்ம பிணம் போக ஒத்துக்கொள்ளாத ஆட்கள், தாழ்த்தப்பட்டவனுக்குச் சட்டசபையில் நாற்காலி என்றால் மட்டும் எதிர்க்குரலே இல்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள் என்றால் நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா? நம்ம பாட்டன் பூட்டன் அனுபவத்தில் சாதி இந்துக்கள் ஒருமனதாக நமக்குக் கொடுத்த பொருள் எதுவும் முழுசாக இருந்ததில்லை.

அவர்கள் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், இப்போது இருக்கிற விதத்தில் அந்த நாற்காலியால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதுதான்.

கேரளத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல்தான் திருவனந்தபுரத்தில் இருக்கிற விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு அய்யன்காளி பெயரை வைத்தார்கள். ஏன் அந்தக் கட்டடத்துக்கு அந்தப் பெயர்? திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடின இடம் அது. அந்தச் சபையில் அய்யன்காளி நியமன உறுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு ஓட்டுப் போட ஒரு தொகுதி இல்லை, பின்னால் நிற்க ஒரு கட்சி இல்லை. அந்த மனுஷன் சபையில் எழுந்து புலையர்களுக்கு நிலம் கொடு என்று கேட்டார், பள்ளிக்கூடத்தைத் திற என்று கேட்டார். யாரிடமும் உத்தரவு வாங்கிக்கொண்டு கேட்கவில்லை. இப்போது அதே ஊரில் 140 பேர் சபையில் 14 தாழ்த்தப்பட்டவர் தொகுதி, 2 பழங்குடித் தொகுதி. ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர்கள். நிலச் சீர்திருத்தம் வந்தபோது குத்தகைக்காரனுக்கு வயல் போனது, வயலில் குனிந்து நின்றவனுக்குக் குடிகிடப்பு என்று பத்து சென்ட் கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பே கிடையாது என்று விலக்கும் கொடுத்தார்கள். இதெல்லாம் தனித்தொகுதி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த சபையில்தான் நடந்தது.

தேவிகுளம் தனித்தொகுதியை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூணாறு மலை அந்தத் தொகுதியில்தான் வருகிறது. அங்கே கொழுந்து கிள்ளுகிற சனங்களில் பெரும்பகுதி நம்ம தமிழ்ச் சேரிகளில் இருந்து போனவர்கள். நாலு தலைமுறை ஆகியும் லயத்து வீடு ஒத்தை அறைதான், அதுவும் வேலையில் இருக்கிறவரைக்கும்தான். 2015 செப்டம்பரில் பெண்கள் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். தினக்கூலி 232 ரூபாய் எங்களுக்குப் போதாது, இருபது சதவீத போனஸ் வேண்டும் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தொகுதி இவர்களுக்காக ஒதுக்கினது, ஆனால் நியாயம் கேட்க ரோட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. சிறப்புக் கூட்டம் முடிந்து எட்டு மாசம் ஆகவில்லை, 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்திருந்தால் அந்தச் சரிவின் காலடியில் ஏன் படுத்திருக்கப் போகிறார்கள்? தனித்தொகுதியை நீட்டிக்கிறோம் என்று கை தூக்கின அன்றைக்கு, தனித்தொகுதி சனங்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் கேட்கிறேன். இதில் என்ன தப்பு?

இங்கே ஒரு பொய்யையும் அடித்துத் துரத்திவிட்டு மேலே போகலாம். சிறப்புக் கூட்டம் என்ற பேச்சு வந்தாலே, "அம்பேத்கரே பத்து வருஷம்தான் கேட்டாரு, இவனுங்க எழுபது வருஷமா அனுபவிக்கிறானுங்க" என்று ஒரு கும்பல் கிளம்பும். கல்லூரியில் என்கூடப் படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து வருஷக் கெடு தனித்தொகுதிகளுக்கு மட்டும்தான். படிப்பிலும் வேலையிலும் உள்ள இட ஒதுக்கீட்டுக்கு அரசியல் சட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை. பத்து வருஷம் என்பதும் அம்பேத்கர் கேட்டது கிடையாது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் கேட்கத் தாம் தயாராக இருந்ததாக அவரே 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியிருக்கிறார்.

இந்தக் கும்பலுக்குத் தெரியாத, நம்மில் பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. 1955 ஆகஸ்டில் அம்பேத்கரின் கட்சியான பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் செயற்குழு, சட்டசபைகளிலும் நாடாளுமன்றத்திலும் உள்ள தனித்தொகுதிகளை நீக்கிவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. ஆண்டைகள் கேட்கவில்லை, நாமே கேட்டோம். ஏன்? அதற்குள் இரண்டு தேர்தல் பார்த்துவிட்டோம். 1952இல் வடக்கு பம்பாயில் தாழ்த்தப்பட்டவருக்கான இடத்தில் நின்ற அம்பேத்கர் காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டம் எழுதின ஆளே, அந்தச் சட்டம் கொடுத்த தாழ்த்தப்பட்டவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஊர் ஓட்டு யாரை விரும்புகிறதோ அவன்தான் சேரிக்குப் பிரதிநிதி.

இதன் வேர் 1932இல் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். வெள்ளைக்காரன் கொடுத்தான். நம்ம ஆளுக்கு நாம் மட்டும் போடுகிற ஒரு ஓட்டு, பொதுவில் இன்னொரு ஓட்டு. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். நாற்காலி 71இலிருந்து 148 ஆனது, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. நாற்காலியைக் கூட்டிக் கொடுத்து ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பிடி இருந்தது, அதைத்தான் நாம் மறந்துபோனோம். ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தரைத்தான் பொதுவாக்காளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். நாம் வேண்டாம் என்று ஒதுக்கினவன் நம்ம பேரில் ஜெயிக்க முடியாது. நம்மைத் தோற்கடித்த ஒப்பந்தம்தான், அதுவே இவ்வளவு கொடுத்தது. 1950இல் வந்த அரசியல் சட்டத்தில் இந்த முதல்கட்டத் தேர்தல் இல்லை.

அப்புறமும் ஒரு சின்ன சந்து இருந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரே தொகுதியில் பொது இடம் ஒன்று, ஒதுக்கின இடம் ஒன்று. 1957 தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே ஜெயித்தார்கள். பொது இடத்துக்குக் கணக்குப் போட்டு வந்தவர் வி.வி.கிரி. பின்னால் ஜனாதிபதி ஆனவர். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். அதிக ஓட்டு வாங்கினால் பழங்குடிக்காரரும் பொது இடத்துக்கு உரியவர்தான் என்று 1959இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டே வருஷத்தில், 1961இல், இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. நம்ம ஆள் பொது இடத்தில் உட்காருகிறான் என்றால் சட்டம் எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது பாருங்க.

எங்கள் ஊரும் தனித்தொகுதிதான். விழுப்புரம் பக்கம். 2006 தேர்தலில் நான் பள்ளிக்கூடப் பையன். வேட்பாளர் நம்ம சாதி என்று காலனியில் ஒரே சந்தோஷம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட நிற்கிறார்கள். அவர் ஊருக்குள்தான் முதலில் போனார். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்றதை எங்க பெரியப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். காலனிக்கு வந்தபோது மணி பத்து தாண்டிவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கவில்லை. எங்க ஆயா தட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டே போய், "ஏன் சாமி, எறங்க மாட்டியா?" என்று கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "நேரமாயிடுச்சி ஆயா, நீங்கள்லாம் எங்க போயிடப் போறீங்க?" என்றார். ஜீப் போய்விட்டது.

ஜெயித்தபிறகு சுடுகாட்டுப் பாதைக்கு மனு எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு நாலு பேர் போனார்கள். "பெரியப்பா, வேற எது வேணும்னாலும் கேளுங்க, செய்றேன். அந்தப் பாதைய மட்டும் கேக்காதீங்க. ஊரைப் பகைச்சிக்கிட்டு நான் எப்படி நிக்கறது?" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பெரியப்பா அவரைத் திட்டவில்லை. எனக்கும் இப்போது திட்டத் தோன்றவில்லை. பெரும்பாலான தனித்தொகுதிகளில் நாம் பாதிக்கும் குறைவு. நம்ம ஓட்டு கட்சிகளுக்குள் நாலாகப் பிரிந்து கிடக்கிறது. ஊர் ஓட்டு இல்லாமல் அவர் வர முடியாது. பாதையைத் திறந்தால் அடுத்த தடவை நாற்காலி இல்லை. கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

அப்படியே ரோஷம் உள்ள ஒருத்தர் உள்ளே போனாலும் அவர் வாயைக் கட்ட ஆள் இருக்கிறது. 1938இல் சென்னை சட்டசபையில் எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பூனா ஒப்பந்தத்துக்கு முன்பு மூஞ்சேயோடு உடன்பாடு போட்டு, கூட்டு வாக்காளர் தொகுதியே போதும் என்று நம்பினவர் அவர். ராஜகோபாலாச்சாரியாரின் ஆட்சி மசோதாவைத் தோற்கடித்தது. காங்கிரஸ் சீட்டில் ஜெயித்து வந்த தாழ்த்தப்பட்ட உறுப்பினர்கள் ராஜா பக்கம் வந்து நிற்க முடியவில்லை. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதிப் புலம்பியதுதான் மிச்சம். அன்றைக்காவது அது கட்சிக் கட்டுப்பாடு. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். தமிழ்நாட்டில் 44 தாழ்த்தப்பட்டவர் தொகுதிகள் இருக்கின்றன. அந்த 44 பேரும் கட்சி வித்தியாசம் பார்க்காமல் நம்ம விஷயம் ஒன்றுக்காகச் சேர்ந்து எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை. சொல்லிலக்கணத்தில் இசைநிறை என்று ஒன்று உண்டு. பொருள் எதுவும் தராது, அடியை நிரப்ப நிற்கும். எம்.ஏ. வகுப்பில் அதை நடத்தும்போது எனக்கு எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஞாபகம்தான் வந்தது.

கட்டுக்குள் நிற்காமல் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவியைத் தனிப்பதவி ஆக்கினார்கள், முருகேசன் ஜெயித்தார், 1997 ஜூன் 30ஆம் தேதி அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிப் போட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் கணக்கில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. அடுத்த மாசம்தான் டெல்லியில் தனித்தொகுதி நீட்டிப்பு மசோதா. ஊராட்சிக்கு வேறு சட்டம், சட்டசபைக்கு வேறு சட்டம் என்று யாராவது வக்கீல் கிளம்பலாம். சட்டம் வேறதான். அரிவாள் ஒண்ணுதான்.

அப்படியானால் தனித்தொகுதியே வேண்டாமா என்று கேட்பீர்கள். 1955 தீர்மானத்தை அப்படியே எடுத்து இன்றைக்குச் சொல்ல நான் தயாராக இல்லை. பொதுத்தொகுதியில் நம்ம ஆளை நிறுத்த இன்றைக்கும் பெரிய கட்சிகளுக்கு மனசு வருவதில்லை. கேரளம் முற்போக்கு என்கிறோம், அங்கேயும் இந்த 14 தொகுதிகளை எடுத்துவிட்டால் சபையில் எத்தனை தாழ்த்தப்பட்டவர் மிஞ்சுவார்? விரல் விட்டு எண்ண விரலே தேவைப்படாது. தனித்தொகுதி இருக்க வேண்டும். எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற உரிமையும் நமக்கு இருக்க வேண்டும். அதைச் சொல்ல எல்லா மாநிலத்திலும் ஒரே சமயத்தில் வாய்ப்புக் கிடைப்பது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தச் சிறப்புக் கூட்டத்தின் தொடக்க நாளில்தான். அதைத்தான் ஒவ்வொரு தடவையும் தூங்கவிட்டு, கடைசி நேரத்தில் அவசர அவசரமாகத் தாலி கட்டுகிற மாதிரி கட்டி முடிக்கிறார்கள்.

அடுத்த கெடு 2030 ஜனவரி 25. இப்போதே கேட்க ஆரம்பிக்க வேண்டும். முதலில், மசோதாவை ஒரு வருஷம் முன்னாடியே கொண்டுவா. ஒன்றரை மாச அவசரத்தில் ஒரு திருத்தமும் சொல்ல முடியாது, நீட்டிப்பை வாங்கிக்கொண்டு வாயை மூடத்தான் முடியும். இரண்டாவது, பூனா ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல்கட்டத் தேர்தலைத் திருப்பிக் கொடு. காந்தி உயிரைக் காப்பாற்ற நாங்கள் போட்ட கையெழுத்து இன்னும் செல்லுபடியாகிறது, நீங்கள் போட்ட கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லாமல் போனது? கட்சிக்காரன் கைகாட்டுகிற ஆளை நிறுத்தட்டும், ஆனால் சேரி ஓட்டில் தேறி வரட்டும். மூன்றாவது, வன்கொடுமை, நிலம், துணைத்திட்ட நிதி என்று நம்ம விஷயம் சபைக்கு வருகிற நாளில் தனித்தொகுதி உறுப்பினர்களுக்குக் கொறடா கிடையாது என்று கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் எழுது. இதற்கெல்லாம் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமே என்பார்கள். எப்படியும் திருத்தத்தானே கூடுகிறீர்கள்.

நம்ம இயக்கங்கள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. சிறப்புக் கூட்டம் நடக்கிற அன்றைக்கு எந்தத் தலித் அமைப்பாவது சட்டசபை வாசலில் போய் நின்றதாக எனக்கு நினைவில்லை. சிலைக்கு மாலை போட நமக்கு நாள் தெரிகிறது, இந்த நாள் தெரியவில்லை. 2029 கடைசியில் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் லக்னோவிலும் சபைக் கதவு திறக்கும்போது, அவரவர் தொகுதிக்காரர்கள் சுடுகாட்டுப் பாதை மனுவையும் லயத்து வீட்டுப் பட்டா மனுவையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இருக்க வேண்டும். ஜீப்பை விட்டு இறங்காதவர்கள் உள்ளே போக அந்த வாசலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.